போர்ப் பத்திர போஸ்டரைப் பார்த்துப் பணம் போட்டவர்களுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது?

காகிதப்புலி | ஞாயிறு, இரவு 9:12

பழைய புத்தகக் கடையில் போன வாரம் உலகப்போர் போஸ்டர்கள் அடங்கிய பெரிய படப்புத்தகம் ஒன்று மாட்டியது. அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கமும் இல்லை. 300 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார் கடைக்காரர். பட்டாளத்துக்கு ஆள் கூப்பிடுகிற படங்கள்தான் இருக்கும் என்று நினைத்துப் புரட்டினேன். பாதிக்கு மேல் காசு கேட்கிற போஸ்டர்கள். பத்திரம் வாங்கு, கடன் கொடு, தபால் ஆபீசில் போடு.

அதில் ஒன்று மூன்று நாளாக மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. ஜெர்மனியில் 1917ஆம் வருடம் ஆறாவது போர்க்கடனுக்காக ஃபிரிட்ஸ் எர்லர் வரைந்தது. ஒரு சிப்பாய், மார்பு வரைக்கும். தலையில் இரும்புத் தொப்பி, நெஞ்சில் தொங்கும் விஷவாயு முகமூடி, பையில் கையெறி குண்டு, பின்னால் முள்கம்பிச் சுருள். இளைத்த முகம். கண்ணில் மட்டும் ஒரு வெளிச்சம், பார்வை நம்மைத் தாண்டி எங்கோ போகிறது. கீழே எழுத்து: வெல்ல எங்களுக்கு உதவுங்கள், போர்க்கடனுக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்தப் படத்தை வைத்துக் கலைஞர்கள் நிறையப் பேசியிருப்பார்கள். எனக்குக் கேள்வி வேறு. இதைத் தெருமுனையில் பார்த்து மனசு இளகி, வீட்டில் இருந்த சேமிப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரம் வாங்கிய ஒரு தையல்காரரோ வாத்தியாரோ இருந்திருப்பார். அவருக்கு எவ்வளவு திரும்பி வந்தது? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெட்ராஸ்மணி | ஞாயிறு, இரவு 9:20

கோவிந்தா. வேறென்ன.

ஓய்வுக்கணக்கு | ஞாயிறு, இரவு 10:45

மணி ஒரு வார்த்தையில் சொன்னது ஜெர்மனியைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் எப்படி கோவிந்தா ஆனது என்பதுதான் கதை. முப்பத்தைந்து வருடம் பாங்கில் கூப்பன் (பத்திரத்திலிருந்து வெட்டிக் கொடுத்து வட்டி வாங்கும் சீட்டு) எண்ணியவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனி 1914 செப்டம்பரில் ஆரம்பித்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கடன் திரட்டியது. மொத்தம் ஒன்பது தடவை. வட்டி 5 சதவீதம். 100 மார்க் பத்திரத்தை 97.50 முதல் 99 வரை விலைக்குக் கொடுத்தார்கள், அதாவது உள்ளே போகும்போதே சின்ன லாபம். போர் முடிவதற்குள் சேர்ந்தது ஏறக்குறைய 9,800 கோடி மார்க். பிரிட்டன் அளவுக்கு வரியை ஏற்றாமல் பெரும்பாலும் கடனிலேயே போரை ஓட்டினார்கள். தோற்றவன் தலையில் கட்டிவிடலாம் என்று கருவூலத்துக்குப் பொறுப்பான கார்ல் ஹெல்ஃபரிக் 1915இலேயே நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தோற்றது இவர்களாகவே இருந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு. 1924 வரை அரசாங்கம் அசலைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது. வாங்குகிறவருக்கு இது பாதுகாப்பு, பத்து வருடத்துக்கு 5 சதவீத வட்டி உறுதி என்று அர்த்தம். அந்த 1924 வருவதற்கு முன்னால் 1923 வந்துவிட்டது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.20 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.20 லட்சம் கோடி மார்க். வட்டி ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது சார். 1,000 மார்க் பத்திரத்துக்கு வருடம் 50 மார்க். ஒரு ரொட்டி பல ஆயிரம் கோடி மார்க் விற்கும்போது அந்த 50 மார்க்கை வாங்க பாங்குக்கு நடந்து போகிற செருப்புத் தேய்மானம்கூடக் கட்டாது.

1925இல் ஒரு சட்டம் போட்டு, 1,000 மார்க் போர்ப் பத்திரத்துக்குப் புது நாணயத்தில் 25 மார்க் என்று மாற்றினார்கள். நூற்றுக்கு இரண்டரை. முதலிலிருந்தே விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் குலுக்கல் முறையில் கொஞ்சம் கூடுதல், அதுவும் பல வருடம் இழுத்து. ஆக உங்கள் தையல்காரருக்கு வந்தது இதுதான்.

காகிதப்புலி | ஞாயிறு, இரவு 10:58

சார், செருப்புத் தேய்மானம்! அப்படியானால் அந்தச் சிப்பாய் பொய் சொல்லவில்லை, வெல்ல உதவுங்கள் என்றுதான் கேட்டான். திருப்பித் தருவேன் என்று படத்தில் எங்கேயும் இல்லையே.

கல்லச்சு | திங்கள், காலை 6:30

சிவகாசிக்காரன் பேசுகிறேன். காலண்டர், தீப்பெட்டி லேபிள் பிழைப்பு. தாத்தா காலத்தில் லித்தோ கல்லில்தான் வேலை, அதாவது கல்லில் வரைந்து அச்சடிப்பது. ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல், கல்லைத் தேய்த்து வழுவழுப்பாக்கிப் படத்தைத் திருப்பிப் போட்டு வரையணும். ரெஜிஸ்டர், அதாவது கலர்மேல் கலர் உட்காரும் இடம், ஒரு நூல் தப்பினால் மூக்கு ஒரு பக்கம், மூக்கு நிழல் ஒரு பக்கம். எர்லர் படத்தைப் பெரிசாக்கிப் பாருங்கள், கலர் ரொம்பக் குறைச்சல். பழுப்பு, சாம்பல், கொஞ்சம் கறுப்பு. போர் நடுவில் மையும் இல்லை, காகிதமும் இல்லை. அந்த வறுமையே படத்துக்கு ஒரு அழுத்தம் கொடுத்துவிட்டது. பளபளவென்று அடித்திருந்தால் சிப்பாய் மாப்பிள்ளை மாதிரி இருந்திருப்பான்.

புத்தகத்தில் லூசியன் பெர்ன்ஹார்ட் போஸ்டர் இருக்கிறதா பாருங்கள். கவசம் போட்ட ஒரு முஷ்டி மட்டும், அப்புறம் கட்டை கட்டையாகப் பழைய ஜெர்மன் எழுத்து. சமாதானத்துக்கு இதுதான் வழி, எதிரிகள் அப்படித்தான் விரும்புகிறார்கள், ஆகவே போர்க்கடன் கொடு என்று சொல்லும். சமாதானம் என்று எழுதிவிட்டு மேலே முஷ்டி.

இந்த பெர்ன்ஹார்ட் எங்கள் தொழிலுக்குச் சொந்தக்காரர் மாதிரி. 1905 வாக்கில் ப்ரீஸ்டர் தீக்குச்சிக்கு ஒரு விளம்பரம் போட்டார். இருட்டுப் பின்னணியில் இரண்டு தீக்குச்சி, மேலே கம்பெனிப் பேர். அவ்வளவுதான். சரக்கையும் பேரையும் மட்டும் காட்டு, மற்றதை அழி என்ற பாணி அதிலிருந்து பிடித்துக்கொண்டது. தீக்குச்சி விற்ற கையே பத்து வருடத்தில் முஷ்டியை விற்றிருக்கிறது.

நெய்தல் | திங்கள், காலை 11:05

வரலாறு படிக்கிறேன், அமெரிக்கப் பக்கம் கொஞ்சம் தெரியும். அங்கே 1917, 1918இல் நான்கு லிபர்ட்டி கடன், போர் முடிந்து 1919இல் ஒரு வெற்றிக் கடன். ஐந்தும் சேர்ந்து சுமார் 2,150 கோடி டாலர். நிதியமைச்சர் வில்லியம் மெக்காடூ இதை ஒரு கல்யாண வேலை மாதிரி நடத்தினார். படம் வரைகிறவர்களை ஒன்று சேர்க்க சார்லஸ் டானா கிப்சன் தலைமையில் தனிப் பிரிவே இருந்தது. பெரிய ஓவியர்கள் காசு வாங்காமல் வரைந்து கொடுத்தார்கள்.

எனக்கு மறக்க முடியாதது ஜோசப் பென்னல் 1918இல் வரைந்தது. சுதந்திர தேவி சிலைக்குத் தலை இல்லை. தீவட்டி பிடித்த கை உடைந்து கிடக்கிறது. பின்னால் நியூயார்க் எரிகிறது, வானத்தில் விமானங்கள், தண்ணீரில் நீர்மூழ்கி. 20 லட்சம் பிரதி வரை அடித்ததாகச் சொல்வார்கள். 1918இல் அட்லாண்டிக்கைத் தாண்டிக் குண்டு போடும் விமானம் உலகத்தில் எவரிடமும் கிடையாது. ஆனால் தலையில்லாத சிலையைப் பார்த்தவனுக்கு அந்த யோசனை வருமா?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. போஸ்டர் ஒட்டினார்கள், மக்கள் உருகி வாங்கினார்கள் என்பது பாதிக் கதைதான். ஊருக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்து, கமிட்டி வீடு வீடாகப் போயிற்று. வாங்காதவன் வீட்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள், மஞ்சள் என்றால் கோழை. ஜெர்மன் பேசும் குடும்பங்களுக்கு இன்னும் மோசம். கான்சாஸில் பர்ட்டன் என்ற ஊரில், போர் முடிந்த அதே 1918 நவம்பர் 11 அன்று, பத்திரம் வாங்க மறுத்த ஒரு மெனனைட் விவசாயியை ஒரு கும்பல் வீட்டிலிருந்து இழுத்து வந்தது. அவருடைய மதப்பிரிவு போருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்கிறது. அதற்குப் பதிலாக நிவாரணத்துக்கு 200 டாலர் தருகிறேன் என்றிருக்கிறார். கேட்கவில்லை. உடம்பெல்லாம் மஞ்சள் பெயிண்ட் ஊற்றினார்கள், தூக்கில் போடவும் போனார்கள், உள்ளூர்க்காரர் ஒருவர் குறுக்கே நின்று காப்பாற்றினார்.

மெட்ராஸ்மணி | திங்கள், காலை 11:31

கோயில் கொடைக்கு வசூல் பண்ணுகிற கதைதான். நோட்டீஸில் அம்மன் படம் அழகாகத்தான் இருக்கும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ராத்திரி மைக்கில் பேர் வாசிக்கிறபோதுதான் பை திறக்கும்.

நெய்தல் | திங்கள், காலை 11:40

அண்ணே அதேதான். மைக்கும் இருந்தது, ஆனால் ஆளே மைக். நான்கு நிமிடக்காரர்கள் என்று பெயர். தியேட்டரில் ரீல் மாற்றும் இடைவெளியில் எழுந்து நான்கு நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நாடு முழுக்க எழுபத்தைந்தாயிரம் பேர் அளவில்.

ஓய்வுக்கணக்கு | திங்கள், மாலை 4:15

அமெரிக்கப் பணக் கணக்கு. ஜெர்மனி மாதிரி முங்கவில்லை, ஆனால் சுத்தமாகவும் முடியவில்லை.

முதல் அடி 1920இல். போருக்குப் பின் வட்டி விகிதம் ஏறியது. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் சந்தை விலை இறங்கும், இது எல்லா ஊருக்கும் பொது. 100 டாலர் லிபர்ட்டி பத்திரம் 80 சொச்சம் டாலருக்கு வந்துவிட்டது. முதிர்வு வரை வைத்திருக்க முடிந்த பணக்காரனுக்கு நஷ்டமில்லை. வேலை போன தொழிலாளி? அவன் 100 கொடுத்து வாங்கியதை 85க்கு விற்றான். அரசாங்கப் பத்திரம் விலை குறையும் என்று அவனுக்கு ஒரு போஸ்டரும் சொல்லவில்லை. இதைப் பயன்படுத்தி, பத்திரத்தைக் கொடு, எண்ணெய்க் கம்பெனிப் பங்கு தருகிறேன் என்று ஏமாற்றியவர்கள் அந்த வருடங்களில் ஏராளம்.

இரண்டாவது அடி பதினைந்து வருடம் கழித்து. பத்திரத்தில் அசலும் வட்டியும் தங்க நாணயத்தில், அன்றைய மதிப்பில் தரப்படும் என்று அச்சடித்திருந்தது. ரூஸ்வெல்ட் 1933இல் தங்கத்தில் தருவதை நிறுத்தினார், 1934 தொடக்கத்தில் ஒரு அவுன்ஸ் 20.67 டாலரிலிருந்து 35 டாலராக மாற்றினார். நான்காவது லிபர்ட்டி கடனில் 10,000 டாலர் பத்திரம் வைத்திருந்த பெர்ரி என்பவர், புதுக் கணக்குப்படி எனக்கு 16,931.25 டாலர் சேரும் என்று வழக்குப் போட்டார். 1935 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசாங்கம் வாக்கை மீறியது தப்பு, அரசியல் சட்டத்துக்கு விரோதம். ஆனாலும் உனக்கு நஷ்டம் என்று நிரூபணமாகவில்லை, பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு போ. ஐந்து நீதிபதிகள் இந்தப் பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம்.

பாங்கில் இருந்தவரை புது ஆட்களுக்கு இந்த வழக்கைச் சொல்வேன். ஒருத்தர்கூடச் சிரிக்காமல் இருந்ததில்லை.

காகிதப்புலி | திங்கள், மாலை 5:02

பிரிட்டனாவது யோக்கியமா? புத்தகத்தில் வெள்ளி நாணயம் தோட்டாவாக மாறுகிற போஸ்டர் ஒன்று இருக்கிறது, 1915. வெள்ளியைத் தபால் ஆபீசில் தோட்டாவாக மாற்று என்று எழுதியிருக்கிறது.

தேம்ஸ்கரை | திங்கள், இரவு 11:50

யோக்கியமா என்றா கேட்கிறீர்கள், இதைக் கேளுங்கள்.

1914 நவம்பரில் முதல் போர்க்கடன், 35 கோடி பவுண்டு, மூன்றரை சதவீத வட்டி. கேட்டதற்கு மேல் பணம் குவிந்துவிட்டது, மக்கள் முண்டியடிக்கிறார்கள் என்று ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையில் செய்தி வந்தது. உண்மையில் மக்களிடமிருந்து வந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. துண்டு விழுந்ததில் 11.3 கோடி பவுண்டுக்கு பாங்க் ஆஃப் இங்கிலாந்தே வாங்கியது. அதையும் தன் பேரில் வாங்காமல், தலைமைக் காசாளர், துணைக் காசாளர் இருவருடைய சொந்தப் பெயரில் எழுதிக் கணக்கில் வேறு தலைப்பில் மறைத்தார்கள். பொருளாதார நிபுணர் கெய்ன்ஸுக்கு விஷயம் தெரியும், சாமர்த்தியத்தை மெச்சி ரகசியக் குறிப்பு எழுதினார்.

பாங்கின் பழைய பேரேடுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள் 2017இல் இதை வெளியே கொண்டுவந்தார்கள். உடனே ஃபைனான்ஷியல் டைம்ஸ் திருத்தம் போட்டது. 1914இல் நாம் வெளியிட்ட செய்தி உண்மையல்ல என்று, 103 வருடம் கழித்து!

இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் பார்க்கிற போஸ்டர் வெள்ளமெல்லாம் இந்தத் தோல்விக்குப் பின்னால் வந்தது. பணக்காரர்களிடம் மட்டும் கேட்டால் வேலைக்காகாது என்று புரிந்தது. 1916இல் 15 ஷில்லிங் 6 பென்ஸ் சேமிப்புச் சான்றிதழ் வந்தது, ஐந்து வருடத்தில் ஒரு பவுண்டாகும். 1917 கடைசியில் ஒரு டாங்கியைக் கொண்டுவந்து டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தி, அதற்குள்ளே ஆளை உட்கார வைத்துப் பத்திரம் விற்றார்கள். அப்புறம் டாங்கிகள் ஊர் ஊராகப் போயின. எந்த ஊர் அதிகம் என்று போட்டி. கிளாஸ்கோ 1.4 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தது. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வெஸ்ட் ஹார்ட்டில்பூல் ஜெயித்து, எக்பர்ட் என்ற டாங்கியைப் பரிசாக வாங்கிக்கொண்டது. டாங்கியை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் என்ன செய்ய? பூங்காவில் வைத்தார்கள், 1930களில் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

ஓய்வுக்கணக்கு | செவ்வாய், காலை 7:10

தம்பி, 1917இன் 5 சதவீதக் கடனை விட்டுவிட்டீர்களே. அதுதான் பிரிட்டனில் பெரியது, 200 கோடி பவுண்டு அளவு. 1932இல் நிதியமைச்சர் நெவில் சேம்பர்லின், நாட்டுப்பற்று உள்ளவர்கள் 5க்குப் பதில் மூன்றரை சதவீத வட்டிக்குச் சம்மதியுங்கள் என்று கேட்டார். 92 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். இன்னொரு பிரசாரம், இந்த முறை வட்டியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி! புதுப் பத்திரத்துக்கு முதிர்வுத் தேதி கிடையாது. அரசாங்கத்துக்குத் தோன்றும்போது கொடுக்கும். விலைவாசி ஏறிய 1970களில் அந்த 100 பவுண்டு பத்திரம் சந்தையில் 25க்கும் கீழே போயிற்று. அசலைத் தீர்த்தது 2015 மார்ச் 9 அன்று. அன்றைக்கும் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் கையில் வைத்திருந்தார்கள். தாத்தா வாங்கியதைப் பேரன் வாங்கிக்கொண்டான், பவுண்டுக்குப் பவுண்டு சரியாக.

இடைச்செருகல் (மட்டுறுத்துநர்) | செவ்வாய், காலை 9:00

இன்றைய கட்சி அரசியலை இதற்குள் இழுத்த மூன்று பதிவுகளை எடுத்திருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

பனங்கற்கண்டு | செவ்வாய், மதியம் 1:44

பெர்லினில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்த பிறகு ஞாபகம் வந்து அலமாரியைக் குடைந்தேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் 1923 லட்ச மார்க், கோடி மார்க் நோட்டுகளைப் பெட்டியில் குவித்து வைத்து விற்பார்கள். அதோடு ஒரு போர்க்கடன் பத்திரம் எட்டு யூரோவுக்கு வாங்கியிருந்தேன்.

என்னிடம் இருப்பது 1,000 மார்க், 1917. தாள் இன்னும் மொடமொடப்பாக இருக்கிறது. ஓரம் முழுக்கக் கொடி கொடியாக நுணுக்கமான வேலை, கள்ளப் பத்திரம் அடிக்காமல் இருக்க. கூடவே கூப்பன் தாள், தபால்தலை மாதிரி கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தேதி, 25 மார்க். மேல் வரிசைகளைக் கத்தரியால் நேர்க்கோட்டில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து நிதானமாக வெட்டியிருக்கிறார். 1922 கூப்பன் வரைக்கும் இல்லை. 1923இலிருந்து எல்லாம் அப்படியே இருக்கிறது.

காகிதப்புலி | செவ்வாய், மதியம் 1:59

அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள், ப்ளீஸ். வெட்டின ஓரம் தெரிகிற மாதிரி.

கல்லச்சு | செவ்வாய், மதியம் 2:20

பத்திரத்துத் தாள் நூறு வருடம் கழித்தும் மொடமொடப்பு என்றால் அது பருத்திக் கந்தல் சேர்ந்த நல்ல தாள். போஸ்டர்த் தாளைத் தொட்டால் இன்றைக்கு உதிரும். மழையில் கரைகிற போஸ்டருக்கு மட்டத் தாள், பெட்டியில் வைக்கிற பத்திரத்துக்கு முதல்தரம். அடித்தவன் தாளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான், பாவம்.

சினிமாப்பெட்டி | செவ்வாய், இரவு 8:30

எல்லோரும் முதல் போரிலேயே நிற்கிறீர்கள். இரண்டாம் போரில் அமெரிக்கா இதை முழுக்க சினிமா வியாபாரமாக மாற்றிவிட்டது.

ஓவியர் நார்மன் ராக்வெல்லின் நான்கு சுதந்திரங்கள் ஓவியங்களை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனபோது முதலில் யாரும் சீந்தவில்லை. 1943இல் ஒரு வாரப் பத்திரிகையில் வந்து ஜனங்கள் கொண்டாடிய பிறகு அரசாங்கமே எடுத்து ஊர் ஊராகக் காட்டியது. 16 நகரம், 12 லட்சம் பேர் பார்த்தார்கள், விற்ற பத்திரம் 13 கோடி டாலருக்கு மேல். பாடகி கேட் ஸ்மித் அதே வருடம் ரேடியோவில் 18 மணி நேரம் விட்டு விட்டுப் பேசி, ஒரே நாளில் 3.9 கோடி டாலர் வாங்கினார். நடிகை கரோல் லொம்பார்ட் இண்டியானாபோலிஸில் ஒரு நாளில் 20 லட்சம் டாலருக்கு மேல் விற்றுவிட்டு, ரயிலுக்குக் காத்திராமல் விமானம் ஏறினார். 1942 ஜனவரி 16 இரவு லாஸ் வேகஸ் பக்கம் அது மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஜப்பானின் இவோ ஜிமா தீவு. 1945 பிப்ரவரி 23, மலை உச்சியில் ஆறு பேர் அமெரிக்கக் கொடி நடுகிற படம். அதையே ஏழாவது போர்க்கடனின் போஸ்டராக்கினார்கள். இலக்கு 1,400 கோடி டாலர், வந்தது 2,600 கோடிக்கு மேல். படத்தில் உயிரோடு இருப்பவர்கள் என்று மூன்று பேரை அழைத்துக்கொண்டு போய் மேடை மேடையாக நிறுத்தினார்கள். இதில்தான் கூத்து. படத்தை நுணுக்கி ஆராய்ந்து கடற்படைக் காலாட்படையே 2016இல் ஒருவர் இல்லை என்றது, 2019இல் இன்னொருவரும் இல்லை என்றது. மேடையில் நின்ற மூவரில் ஐரா ஹேய்ஸ் மட்டும்தான் நிஜமாகப் படத்தில் இருப்பவர். அரிசோனாவின் பூர்வகுடி இளைஞர், இந்தப் புகழே வேண்டாம் என்று ஓடியவர். சுற்றுப்பயணம் நடுவிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடியில் விழுந்து 1955இல் 32 வயதில் போய்விட்டார்.

மெட்ராஸ்மணி | செவ்வாய், இரவு 8:41

மூணுல ரெண்டு டூப்பா! இதுக்கு 2,600 கோடியா!

பலசரக்கு | செவ்வாய், இரவு 10:05

பொருளாதாரம் நடத்துகிறவன். வாங்கியவர்கள் எல்லாம் போஸ்டர் பார்த்து மயங்கிய ஏமாளிகள் என்பது போல இழை போகிறது, அது சரியில்லை. 1943இல் அமெரிக்கத் தொழிலாளி கையில் முன்னெப்போதும் இல்லாத சம்பளம். கடையிலோ புதுக் கார் இல்லை, டயர் இல்லை, சர்க்கரை ரேஷன், விலைக் கட்டுப்பாடு வேறு. அந்தப் பணம் என்ன செய்யும்? கள்ளச்சந்தைக்குப் போகும். அதைத் தடுத்துப் பத்திரத்தில் கட்டி வைப்பதுதான் உள்நோக்கம். விமானம் செய்ய அரசாங்கத்துக்கு வேறு வழியிலும் காசு வரும். பிரிட்டனில் இன்னும் நேரடி. ஊதாரிப் பூச்சி என்று ஒரு கேலிச் சித்திரம் விட்டார்கள், உடம்பெல்லாம் ஸ்வஸ்திகா போட்ட மூட்டைப்பூச்சி. கடையில் பெண்கள் காதோரம் நின்று வாங்கு வாங்கு என்று தூண்டும்.

பள்ளிப் பிள்ளைகள்கூட 25 சென்ட் தபால்தலை மாதிரி வாங்கி ஆல்பத்தில் ஒட்டினார்கள். 75 ஒட்டினால் 18.75 டாலர், அதைக் கொடுத்தால் ஒரு பத்திரம், பத்து வருடத்தில் 25 டாலர். மொத்தம் எட்டரைக் கோடி பேர் வாங்கினார்கள். ஆண்டுக்கு 2.9 சதவீதம் வருகிற நல்ல சேமிப்பு. ஒருத்தன் காசும் முங்கவில்லை.

ஓய்வுக்கணக்கு | புதன், காலை 6:55

பேராசிரியருக்கு ஒரு சின்னக் கணக்கு. 1942இல் 18.75 போட்ட பிள்ளைக்கு 1952இல் 25 வந்தது, மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதே பத்து வருடத்தில் அமெரிக்காவில் விலைவாசி 60 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்த 25க்கு 1942 விலையில் பதினைந்து டாலர் சாமான்தான் வரும். ஆல்பத்தில் ஒட்டின 75 தலையில் பதின்மூன்று, பதினான்கு காணாமல் போன மாதிரி. முங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நனைந்தது.

பலசரக்கு | புதன், காலை 8:20

சரி, நனைந்தது என்றே வைத்துக்கொள்வோம். 1923 பெர்லினோடு ஒப்பிட்டால் தூறல்.

காகிதப்புலி | புதன், காலை 9:15

இப்போது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. சிப்பாய், சிலை, கொடி எல்லாம் அந்தந்த ஊருக்கு ஏற்ப நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தையல்காரர் தப்பித்தாரா இல்லையா என்பதைப் படம் தீர்மானிக்கவில்லை. மார்க்கா, டாலரா, பவுண்டா, எந்த அளவில் திருப்பித் தருகிறேன் என்று எழுதியிருக்கிறது, அந்த அளவு அதற்குள் எவ்வளவு சுருங்கியது என்பதுதான். சுருங்காத அளவில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா? தங்கம் என்று எழுதி அமெரிக்கா பிறகு மாற்றிவிட்டது என்று சார் சொல்லிவிட்டார்.

தேம்ஸ்கரை | புதன், காலை 9:40

தங்கத்தில் வாங்கித் தங்கமாகவே கொடுத்தது உண்டு. நம் ஊரிலேயே.

ஓய்வுக்கணக்கு | புதன், காலை 10:30

1965ஐச் சொல்கிறீர்கள். சீனப் போர் நடந்த 1962இல் இந்திய அரசு தங்கப் பத்திரம் விட்டது, ஆனால் தங்கத்தைச் சர்வதேச விலைக்கு மதிப்புப் போட்டு ரூபாயாகத் திருப்பித் தருவதாக. உள்ளூர் விலை அதைவிட எவ்வளவோ அதிகம், ஜனங்கள் அவ்வளவாகக் கொடுக்கவில்லை. பாகிஸ்தான் போர் நடந்த 1965இல் வந்த தேசியப் பாதுகாப்புத் தங்கப் பத்திரம் 1980 (முதிர்வு வருடம்தான் பெயரில் இருக்கிறது) வேறு ரகம். தங்கத்தை எடை போட்டு வாங்கி, பதினைந்து வருடம் கழித்துத் தங்கமாகவே தருவது. இடையில் 10 கிராமுக்கு வருடம் 2 ரூபாய் வட்டி. எங்கிருந்து வந்தது இந்தத் தங்கம் என்று வருமான வரிக்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்ற சலுகையும் உண்டு, அதுவும் ஒரு போஸ்டர்தான்!

வாட்ஸாப்பில் ஐதராபாத் நிஜாம் 5,000 கிலோ தங்கம் தானம் கொடுத்தார் என்று சுற்றும். அவர் கொடுத்தது இந்த மாதிரித் தங்கத் திட்டத்தில் போட்ட முதலீடு, 425 கிலோ அளவு.

மெட்ராஸ்மணி | புதன், காலை 11:12

ஜோக் அடித்துக்கொண்டே இருந்தேன், இப்போது என் முறை. எங்கள் பாட்டி 1965இல் கொடுத்தவர். தெருவில் காங்கிரஸ்காரர் ஒருவர் வந்து பேசினாராம். போஸ்டர் கீஸ்டர் ஒன்றும் இல்லை, லால் பகதூர் சாஸ்திரி ரேடியோவில் பேசினார், அது போதும் என்பார் பாட்டி. கல்யாணத்துக்குப் போட்ட கெட்டி வளையல் நான்கில் இரண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். தாத்தாவுக்கு ஆறு மாதம் பேச்சு வார்த்தை கிடையாது. வருடா வருடம் வருகிற வட்டியைத் தாத்தாவுக்குத் தெரியாமல் வெற்றிலைப்பெட்டியில் போடுவார்.

காகிதப்புலி | புதன், காலை 11:15

1980இல் திரும்பி வந்ததா?

மெட்ராஸ்மணி | புதன், காலை 11:26

வந்தது. அதற்குள் தங்கம் விலை பத்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அப்பாதான் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனார். கவுண்டரில் ஒரு சின்னத் துண்டு தங்கத்தை நீட்டியிருக்கிறார்கள், எடைச் சீட்டோடு. பாட்டி வாங்கவில்லை. இது என்னுது இல்லை, நான் குடுத்தது வளையல், உள்பக்கம் எங்கப்பா பேரு வெட்டியிருக்கும், அதைக் குடுங்க என்று நின்றுவிட்டார். அதை அன்றைக்கே உருக்கிட்டாங்கம்மா என்று அந்த ஆள் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரிக்க, அப்பாவுக்கு மானம் போய்விட்டது.

ஓய்வுக்கணக்கு | புதன், காலை 11:34

எடை சரியாக இருந்ததா மணி?

மெட்ராஸ்மணி | புதன், காலை 11:40

சுத்தத் தங்கக் கணக்கில் எடை சரி சார். வரும் வழியில் ஆசாரி கடையில் நிறுத்தச் சொல்லி, மறுபடி நிறுத்துப் பார்த்த பிறகுதான் பாட்டி வீட்டுக்கே வந்தார். அதில் செய்த சங்கிலியை என் அத்தை போட்டிருக்கிறார். வளையலாகச் செய்ய மட்டும் பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை.